முன்னோரைக் காட்டுவது எழுதி வைத்த ஏடே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் இடிமுழக்கம் செய்துவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் அண்ணன் அவர்களே, (சிரிப்பு) அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் காடாம்புலியூர்ப் பெண்ணின் வணக்கம். (கைதட்டல்)

அண்ணன் என்ன சொன்னார்? “முன்னோரைக் காட்டுவது வாய்தான். பாட்டி சொன்னா போதும், பத்திரம் எதுக்கு?” என்றார். சரிங்க அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்க அம்மாவைப் பெத்த பாட்டி இருக்காங்களே, அந்தப் பாட்டியைப் பெத்த அம்மா பேர் என்ன?

மேலே பாக்கறார். மேலே லைட்டுதான் இருக்கு! (பலத்த சிரிப்பு)

அண்ணனை மட்டும் சொல்லலே. அவையில எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பாப்போம். பாத்தீங்களா நடுவரே, எண்ணிடலாம். பாசம் இல்லாம மறக்கலே. நாம அவங்களை “ஆயா”ன்னு கூப்பிட்டோம், அவங்க வீட்டுக்காரர் “ஏய், இங்க வா”ன்னு கூப்பிட்டார். பேரை யாரு சொன்னா, நமக்குத் தெரிய?

இப்ப ஏடு என்ன செஞ்சதுன்னு சொல்றேன். 1860-ஆம் வருஷம் மதராஸ் துறைமுகத்துல ‘ட்ரூரோ’ன்னு ஒரு கப்பல் கிளம்பிச்சு. தென்னாப்பிரிக்காவுல கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளா 342 பேரை ஏத்திக்கிட்டு, நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதுல தொடங்கி 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். இவ்வளவு துல்லியமா எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கான் வெள்ளைக்காரன்! நம்பரோட, பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்புல என்ன தழும்பு — எல்லாத்தையும் எழுதினான். பொம்பளைங்களுக்கும் தனி வரி, தனிப் பேர். அந்தக் காலத்துல ஒரு குடியானப் பெண்ணுக்கு “இன்னார் பெண்சாதி”ங்கறதைத் தாண்டி ஒரு பேர் உண்டுன்னு நம்ம ஊர்ல யார் எழுதி வச்சாங்க?

அன்பினால எழுதலீங்க, நடுவர் அவர்களே. தோட்டத்தை விட்டு ஓடிப்போனா பிடிக்கணும், அதுக்காக எழுதினான். ‘நெற்றியில் வெட்டுத் தழும்பு’ன்னு எழுதினது அடையாளம் காட்டிப் பிடிச்சுக் கட்டி வர. ஆனா இன்னைக்கு அந்தத் தழும்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாலாம் தலைமுறைப் பேரன் வந்து நிக்கிறான், “எங்க பாட்டன் முகத்துல இங்கே ஒரு தழும்பு இருந்திருக்கு”ன்னு. மொரீஷியஸ்ல மோகா என்ற ஊர்ல மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கு. அங்கே இந்த மாதிரிப் பேரேடுகளைக் காப்பாத்தி வச்சிருக்காங்க, போட்டோவே இருக்கு! நமக்கு நம்ம கொள்ளுத் தாத்தா போட்டோ இருக்கா? (கைதட்டல்)

ஒண்ணு ஒத்துக்கறேன். அந்தக் குமாஸ்தா காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினான். புலியூரைப் போலியூர்னு எழுதியிருந்தா, அது எந்த ஊருன்னு நம்ம டீக்கடைப் பெரியவர் வாயாலதான் தெரியணும். அந்த ஒரு மார்க்கை அண்ணனுக்கே கொடுத்துடறேன், பாவம். (சிரிப்பு)

அடுத்து, இடுகாடு. கடலூர்ல கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனா, எங்கிருந்தோ வந்து செத்த வெள்ளைக்காரனுக்குக் கல்லுல பேர், தேதி. அந்தக் கல்லுங்களைப் பராமரிக்க, எழுதி வைக்க, லண்டன்ல 1976-லேயே ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. இங்கே வந்தவனுக்குக் கல் இருக்கு. இங்கேருந்து போனவனுக்கு நம்பர் இருக்கு. போகாம இங்கேயே உழைச்சுச் செத்தவனுக்கு? ஒரு செம்மண் மேடு. அது ஒரு ஐப்பசி மழை தாங்குமா? மறு வருஷம் ஆடு மேயும்.

எங்க வீட்டுக் கதைக்கே வர்றேன். எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு ஊர் இடுகாட்டுல செங்கல் சமாதி இருக்கு. பேர் வெட்டின கல்லு இருக்கு. “தனியாளா கிணறு வெட்டி, காட்டைக் கழனியாக்கினவர்”னு எங்க குடும்பமே நாலு தலைமுறையாப் பேசுது. அண்ணன் சொல்ற அதே வாய்! கொள்ளுப் பாட்டியை எங்கே புதைச்சாங்கன்னு எங்க அத்தையைக் கேட்டேன். அத்தைக்கு எண்பது தாண்டிடுச்சு. “பொம்பளைங்க என்னைக்குடி இடுகாட்டுக்குப் போனோம்? வேலமரத்தாண்டன்னு சொல்லுவாங்க”ன்னாங்க. வேலமரமும் இல்லே இப்ப.

வீடு இடிச்சுக் கட்டும்போது பரண்லேருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கிச்சு. உள்ளே கரையான் பாதி தின்ன காகிதம். நடுவுல ஒரு முத்திரைத்தாள், 1931-ஆம் வருஷத்து அடமானப் பத்திரம், கடன் தீர்ந்து திரும்பி வந்தது. எழுதிக் கொடுத்தது தாத்தா இல்லீங்க. பாட்டி! “என் தகப்பனாரால் சீதனமாய்க் கொடுக்கப்பட்டு என் அனுபோகத்திலிருந்து வருகிற புஞ்சை”யை, “கிணறு வெட்டும் செலவுக்காக” ஈடு வச்சிருக்காங்க. (நீண்ட கைதட்டல்)

தாத்தா கிணறு வெட்டினார், பொய்யில்லே. பணம் யாருது? நாலு தலைமுறை வாய் அதை முழுங்கிடுச்சே!

பத்திரத்தை அத்தைக்கிட்ட படிச்சுக் காட்டினேன். அடியில இடது கைப் பெருவிரல் ரேகை, மசி மங்கிப் போயி. அத்தை அந்த இடத்தைத் தடவிப் பாத்தாங்க. “முந்திரிக்கொட்டை ஒடச்ச வெரலுடி, ரேகையே சரியா விழல பாரு”ன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசலே.

உங்க வீட்டுப் பரண்லயும் பாருங்க. பெட்டி போயிருந்தாக்கூட, பதிவான பத்திரமா இருந்தா சார்பதிவாளர் ஆபீஸ்ல தேடச் சொல்லி மனு போட்டு நகல் கேளுங்க. நாலு நடை நடக்கணும், அது வேற விஷயம். (சிரிப்பு)

இப்ப தாத்தா சமாதிக் கல்லுல, அவர் பேருக்குக் கீழே பாட்டி பேரையும் வெட்டச் சொல்லிக் கல்தச்சருக்கு முன்பணம் கொடுத்தாச்சு. அந்தப் பேர் என்னன்னு இங்கே சொல்ல மாட்டேன், நடுவர் அவர்களே. அண்ணன் காடாம்புலியூர் வரட்டும், பலாச்சுளையும் தர்றோம், கல்லைப் படிச்சுட்டுப் போகட்டும். (பலத்த கைதட்டல்)