ஒறுப்பு முடிந்த பின்னும் ஒதுக்குவதா?



குற்றஞ் செய்தவனுக்கு ஒறுப்பு வேண்டும். அதனை மறுப்பார் எவருமிலர். ஆனால், அவ்வொறுப்புக்கு ஓர் எல்லை உண்டா, இல்லையா என்பதே கேள்வி. சிறைக்காலம் முடிந்து வெளியே வந்தவனைச் சாகுமளவும் குற்றவாளி என்றே சுட்டிக்கொண்டிருப்பது முறையா? இக்கேள்வியை ஏட்டிலன்றித் தெருவில் நின்று கேட்டு வென்றவர், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சிறையிலிருந்து மீண்ட மக்கள்.

அம்மாநிலத்தில் பெருங்குற்றத்துக்கு ஆளானோர் வாக்குரிமை இழப்பர். 1868-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே அவ்விலக்கு இடம்பெற்றிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளை அறுந்து, கறுப்பின ஆடவர் வாக்களிக்கத் தொடங்கிய காலம் அது! ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்கச் சட்டம் வழி வைத்திருந்தது. 2016-இல் அம்மாநிலத்தில் அகவை வந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு வாக்கில்லை. கறுப்பினத்தாருள் ஐவரில் ஒருவர்க்கு இல்லை. இழந்ததைத் திரும்பப் பெற ஆளுநர் தலைமையில் அமைந்த குழுவிடம் வேண்டி நிற்க வேண்டியிருந்தது. அவ்வேண்டுகை விடுப்பதற்கே ஐந்தாண்டோ ஏழாண்டோ காத்திருக்க வேண்டும் என 2011-இல் விதி இறுகியது.

இந்நிலையை எதிர்த்து எழுந்தவருள் ஒருவர் தெசுமண்டு மீடு. படையில் பணியாற்றியவர், மயக்கப்பொருளுக்கு அடிமையாகிச் சிறை சென்றவர். 2005-ஆம் ஆண்டு வேலையின்றி, வீடின்றி, மியாமி நகரத் தொடர்வண்டிப் பாதையருகே தம் உயிரை மாய்த்துக்கொள்ள நின்றார். அன்று வண்டி வரவில்லை. பாதையைக் கடந்து நடந்தார், மறுவாழ்வு இல்லம் புகுந்தார், கல்லூரி சென்றார், 2014-இல் சட்டப் பட்டமும் பெற்றார். பெற்றும் என்ன? வழக்கறிஞராகப் பதிவு செய்ய அம்மாநிலம் இடந்தரவில்லை. 2016-இல் அவர்தம் துணைவியார் சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது, மனைவிக்கு வாக்களிக்கும் உரிமை கணவர்க்கு இல்லை!

அவர் மனம் உடைந்து ஓய்ந்துவிடவில்லை. தம்மைப் போன்றோரைத் திரட்டினார். அவருடன் தோள் சேர்ந்தவர் நீல் வோல்சு என்பார்; வெள்ளையர்; குடியரசுக் கட்சி சார்ந்தவர்; கையூட்டு வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். நிறமும் கட்சியும் வேறாயினும், பட்ட இழிவு ஒன்றாயிருந்தமையால் இருவரும் ஒன்றாயினர். சிறை காணாத நல்லோரும் பல்லாயிரவர் துணை நின்றனர். தம்மைக் 'குற்றவாளி' என அழைக்கும் சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. 'மீண்டுவரும் குடிமக்கள்' என்றே தம்மைச் சொல்லிக்கொண்டனர். இழிசொல்லைத் தள்ளித் தமக்கான சொல்லைத் தாமே ஆக்கிக்கொண்டதுதான் அவர்தம் முதல் வெற்றி!

திருத்தத்தை மக்கள்முன் வைக்க 7,66,200 கையெழுத்துகள் வேண்டும். திரட்டினர். நிறைவேற நூற்றுக்கு அறுபது வாக்குகள் வேண்டும். 2018 நவம்பர் 6-ஆம் நாள் நூற்றுக்கு அறுபத்து நான்குக்கு மேல் விழுந்தன. ஆதரித்தோர் 51 இலக்கம் பேர். அன்று ஆளுநராக வென்றவர் பெற்றவையோ 40 இலக்கத்துக்குச் சற்று மேல். கொலை, பெரும் பாலியல் குற்றம் இரண்டும் நீங்கலாக, ஒறுப்பை முடித்த ஏறத்தாழ 14 இலக்கம் மக்களுக்கு வழி திறந்தது.

ஆனால், திறந்த கதவுக்குப் பின்னே இன்னொரு பூட்டு காத்திருந்தது. 2019 சூன் திங்களில் புதுச்சட்டம் ஒன்று வந்தது. வழக்குமன்றக் கட்டணமும் தண்டத்தொகையும் முற்றத் தீர்த்தாலன்றி ஒறுப்பு முடிந்ததாகாது என்றது அது. எவர் எவ்வளவு செலுத்த வேண்டும் எனக் காட்டும் ஒரே பதிவேடும் அரசிடம் இல்லை! கீழ்மன்ற நடுவர் அச்சட்டம் தவறென்றார். 2020-இல் மேல்மன்றம் நால்வர்க்கு அறுவராய்ப் பிரிந்து அதனை நிலைநிறுத்தியது. செல்வன் மறுநாளே வாக்காளன். ஏழை கடன் தீரும்வரை வாய் மூடியவன்! 2022-இல், தகுதியின்றி வாக்களித்தார் எனப் பலர் தளைப்படுத்தப்பட்டனர். அவருள் பலர்க்கு வாக்காளர் அட்டை தந்தவை தேர்தல் அலுவலகங்களே.

இத்துணைக்கும் அவ்வியக்கம் சோரவில்லை. கொடை திரட்டி, ஏழையர்தம் தண்டத்தொகையைச் செலுத்தித் தந்தது. தெசுமண்டு மீடு 2020-இல் வாக்களித்தார். 2021-இல் தம் குடியுரிமைகளை மீளப் பெற்றார்.

அவையோரே! இவ்வரலாறு உணர்த்துவது யாது? வாக்குப்பெட்டியில் வென்ற உரிமை சட்டமன்றத்தில் சுருங்கக்கூடும். ஆகவே வென்ற அன்றே காவலும் தொடங்க வேண்டும். இழிவுபட்டவன் தானே எழுந்து பேசும்போதுதான் பிறர் காதும் திறக்கும். பிறர் துணை வேண்டும். ஆனால் முதற்குரல் அவனுடையதாதல் வேண்டும். ஒறுப்பு திருத்துதற்கே எனின், திருந்தி வந்தவனுக்கு இருக்கை ஒன்று நம் அவையில் இருத்தல் வேண்டும். அவ்விருக்கையை மறுக்கும் குமுகாயம் குற்றத்தைத் தண்டிக்கவில்லை, மாந்தனையே தண்டிக்கிறது!