உலை மாறினால் உரையும் மாறும்



மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை, அடுக்களையிலும் வாழ்கிறது. ஏட்டிலிருந்து ஒரு சொல் நீங்கினால் புலவர் வருந்துவர். அடுக்களையிலிருந்து நீங்கினால் வருந்துவார் யார்?

கம்பஞ்சோற்றை எண்ணிப் பாருங்கள். கம்பில் நீர் தெளித்து உரலிலிட்டுக் குற்றினர் தமிழ்த் தாயர். முறத்தால் புடைத்து உமி நீக்கினர். மீண்டும் இடித்து நொய் வேறு, மாவு வேறாகத் தெள்ளினர். உலை கொதித்ததும் முதலில் நொய்; அது வெந்தபின் மாவு. துடுப்பால் துழாவி இறக்கி, ஆறியபின் உருண்டை பிடித்து நீரிலிட்டனர். மறுநாட் காலை அதனை மோர்விட்டுக் கரைத்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்த உழவர் உச்சிப்பொழுதுவரை ஏரோட்டினர்.

குற்றுதல், புடைத்தல், தெள்ளுதல், துழாவுதல், கரைத்தல் என ஓருணவுக்கு எத்தனை வினைகள்! சோற்றை வடிப்பர், கூழைக் காய்ச்சுவர், களியைக் கிண்டுவர். இன்றோ அனைத்திற்கும் ‘செய்தல்’ என்னும் ஒரு சொல்லே போதுமென்றாயிற்று.

இவ்வுணவுகள் மறைந்தது சுவை குன்றியதாலா? அன்று. நெற்சோறு செல்வர்க்கு, கூழ் ஏழைக்கு என்னும் இழிவெண்ணமே முதற்கரணியம். 1960-களுக்குப் பின் புதுநெல் வகைகள் பெருகின. பங்கீட்டுக் கடையில் 2008-இல் ஒரு கிலோ அரிசி ஓர் உருபாவுக்கும், 2011 முதல் விலையின்றியும் கிடைத்தது. பசி தீர்த்த அரிசியைப் பழித்தல் அறமாகாது. உரற்சுமை பெண்டிர் தோளினின்று இறங்கியதும் நன்றே. ஆனால், அரைவைப்பொறி வந்து சுமை நீங்கியபின் உணவையும் நீக்குவானேன்?

வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கையன்றி வேறுணவில்லை என்று பெருமிதத்தோடு பாடினார் மாங்குடிகிழார். புறநானூற்றின் 335-ஆம் பாட்டு அது. அவ்வரகும் தினையும், 2023-ஐ ஒன்றிய நாடுகள் அவை அவற்றிற்குரிய ஆண்டாக அறிவித்தபின், பளபளக்கும் உறைகளில் ‘மில்லட்’ என்னும் அயற்பெயரோடு கடைக்கு வந்தன. வரகென்றால் இழிவு, மில்லட்டென்றால் உயர்வா? ‘சிறுதானியம்’ என்பதிலும் பிற்பாதி வடசொல்லே. கூலம் என்னும் நற்றமிழ்ச்சொல் இருக்க அது எதற்கு? மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர் அன்றோ?

ஆகவே, கிழமைக்கு ஒருநாளேனும் இல்லத்தில் கூழ் காய்ச்சுங்கள், களி கிண்டுங்கள். குழந்தையின் கையில் துடுப்பைக் கொடுத்து, அதன் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். பாட்டியர் இருக்கும்போதே அவர்தம் கைப்பக்குவத்தையும் சொல்லையும் கேட்டு எழுதி வையுங்கள். அவர் மறைந்தபின் எந்த அகரமுதலியைப் புரட்டினும் அச்சுவை கிடைக்காது.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!