விண்கலமும் மனித உடலும்

கற்பனைக் கதைகளில் விண்கலங்கள் இமைப்பொழுதிற் புறப்பட்டு, இமைப்பொழுதில் திசை திரும்புகின்றன. உள்ளே இருப்பவனுடைய தேநீர்க் கோப்பை தானும் சிந்துவதில்லை. வேகம் மனிதனைக் கொல்வதில்லை என்பது உண்மையே. பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஞாயிற்றைச் சுற்றுகின்றது. எவரும் அதனை உணர்வதில்லை. கொல்வது வேகத்தின் மாற்றம், அதாவது ஆர்முடுகல்.

1865ஆம் ஆண்டில் யூல்ஸ் வேர்ண் எழுதிய நாவலில், 900 அடி நீளப் பீரங்கியிலிருந்து மூவர் சந்திரனை நோக்கிச் சுடப்படுகின்றனர். அதிர்ச்சியைத் தணிக்க, அவர்களுடைய தளத்தின் கீழ் நீர் நிரப்பி வைத்தார் ஆசிரியர். கணக்கிட்டால் அம்மூவரின் நிறையும் 20,000 மடங்குக்கு மேற் பெருகியிருக்கும், நீரால் ஆவதென்ன? எனினும் அவர் அதைப்பற்றி எண்ணினார். பின்வந்தோர் பலர் அதனையும் செய்திலர்.

மெய்யான எல்லையை அறியத் தம் உடலையே ஈடுவைத்தவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்டாப். 1954 டிசெம்பர் 10ஆம் நாள், நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில், ரொக்கற் பூட்டிய சறுக்குவண்டியில் மணிக்கு 632 மைல் வேகத்தில் விரைந்த அவர், 1.4 செக்கனில் நிறுத்தப்பட்டார். தம் நிறையைப்போல் 46 மடங்கு விசை அவரைத் தாக்கிற்று. கண்களிற் குருதி பரவிப் பார்வை மறைந்தது. நல்லூழாகப் பின்னர் மீண்டது.

ஆயின் விண்மீனை நாடுவோர்க்கு இத்துணை அவசரம் வேண்டியதில்லை. புவியீர்ப்புக்கு ஒப்பான ஆர்முடுகலை ஓராண்டு இடையறாது பேணினால், கலம் ஒளிவேகத்தின் முக்காற் பங்களவை எட்டும். பயணிகள் வீட்டில் நடப்பதுபோலவே நடமாடலாம். பாதிவழியிற் கலத்தை மறுபுறம் திருப்பிப் பொறியை இயக்கினால், அதே மென்மையுடன் வேகம் தணியும். இன்றைய ரொக்கற்றுகளின் எரிபொருளோ சில நிமிடங்களிலே தீர்ந்துவிடுகின்றது.