சன்னல் பெயிண்டும் தவழும் பிள்ளையும்

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியது)



சந்தா, கடன் வசூல் எல்லாம் பேசியாச்சு. இப்போ கொஞ்ச நேரம் வீட்டைப் பத்திப் பேசுவோம். நம்மில் நிறையப் பேர் தஞ்சாவூர், கும்பகோணம் டவுனில் பழைய ஓட்டு வீடுகளில் வாடகைக்கு இருக்கிறோம். மரச் சன்னல், இரும்புக் கம்பி, அதன்மேல் நாலைந்து தடவை அடித்த பெயிண்ட். பொங்கல் வந்தால் மேலேயே இன்னொரு பூச்சு.

அந்த அடிப்பூச்சில் காரீயம் இருக்கலாம். ஈயம்னதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைக்காதீங்க. அது வெள்ளீயம், வேறு உலோகம். காரீயத்தை நிறம் பளிச்சென்று நிற்கவும் சீக்கிரம் காயவும் பெயிண்டில் சேர்த்தார்கள். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

உரிந்த தூள் தரையில் விழும். தவழும் பிள்ளை கையை வைத்து வாயில் போடும். பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு காரீயத்தைக் குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆனால் காய்ச்சல் மாதிரி வெளியே தெரியாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கர்ப்பிணியின் உடம்பில் இருந்தால் கருவுக்கும் போகும்.

சரி, வீட்டுக்காரர் கடமை என்ன? அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், காரீயப் பெயிண்ட் பற்றித் தமக்குத் தெரிந்ததைக் குடி வருபவரிடம் சொல்லியாக வேண்டும். 1992-ல் போட்ட சட்டம் அது. நம்ம வாடகைச் சட்டத்தில் காரீயம் என்ற பேச்சே இல்லை. ஆனால் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பட்டியலைப் பாருங்க. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம்; ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். அதனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. முன்பு நாங்கள் இருந்த வீட்டுக்காரர் நல்லவர், கேட்டதும் ஆள் அனுப்பினார். பெயிண்டர் தம்பி பழைய பூச்சைக் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீடெல்லாம் பச்சைத் தூள். நான் துடைப்பத்தால் கூட்டக் கூட்ட, பத்து மாதப் பிள்ளை பின்னாலேயே தவழ்ந்து வந்தான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர் தெளித்து, ஈரத்தில்தான் தேய்க்கச் சொல்லுங்க. நெருப்பு காட்டி உரிக்க விடாதீங்க. வேலை முடியும்வரை பிள்ளையும் கர்ப்பிணியும் வேறு வீட்டில் இருக்கட்டும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்க. புது டப்பாவில் காரீய அளவு அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்கச் சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வாடகைப் பத்திரம் இருப்பவர்கள் எடுத்துவாங்க. ஊக்குநரோடு உட்கார்ந்து, பெயிண்ட் செலவு யார் தலையில் எழுதியிருக்கு என்று பார்ப்போம்.