இம்யூனிட்டிக்கு பூஸ்ட் மட்டும் போதுமா?

கோவிட் வந்ததுக்கு அப்புறம் சூப்பர் மார்க்கெட்ல ஒரு வார்த்தை எல்லா பாக்கெட் மேலயும் ஏறி உட்கார்ந்துச்சு: இம்யூனிட்டி பூஸ்டர். டீத்தூள், பிஸ்கட், ஜூஸ்னு எதையும் விட்டு வைக்கல. அந்த வார்த்தைக்குள்ள ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. நோய் எதிர்ப்பு சக்தி மொபைல் பேட்டரி மாதிரி, எவ்வளவு ஏத்துறோமோ அவ்வளவு சேஃப்.

இன்னிக்கு அந்தக் கணக்கைத்தான் சோதிச்சுப் பார்க்கப் போறோம். ஏன்னா, கோவிட் முத்திப்போய் ஆஸ்பத்திரியில படுத்த பலருக்கு நுரையீரலைக் கெடுத்தது வைரஸ் மட்டும் இல்ல. வைரஸை விரட்ட வந்த அவங்க சொந்த எதிர்ப்பு மண்டலத்துக்கும் அதுல பங்கு இருந்துச்சு.

முதல்ல அடிப்படை. கால்ல முள் குத்துதுன்னு வைங்க. கொஞ்ச நேரத்துல அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்த நாலு அறிகுறியையும் கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடியே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதி வெச்சுட்டார். தமிழ்ல இதுக்குப் பேர் அழற்சி. இங்கிலீஷ்ல இன்ஃப்ளமேஷன். அழல்னா நெருப்பு, இன்ஃப்ளமேஷனுக்குள்ளயும் ஃப்ளேம் இருக்கு. ரெண்டு மொழியும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கு.

உள்ள என்ன நடக்குது? தோலுக்கு அடியில மாஸ்ட் செல், மேக்ரோஃபேஜ்னு காவல்காரங்க எப்பவும் டியூட்டியில இருக்காங்க. கிருமிகளுக்குப் பொதுவா இருக்கிற சில அடையாளங்களைக் கண்டுபிடிக்கிற சென்சார்கள் இவங்ககிட்ட உண்டு. ஆபத்துன்னு தெரிஞ்சதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். பக்கத்துல இருக்கிற ரத்தக் குழாய் விரியும். ரத்தம் அதிகமா வர்றதால சிவப்பு, சூடு. குழாயோட சுவர்ல இடைவெளி விழுந்து நீர் கசியும், அதுதான் வீக்கம். புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் நரம்பு முனைகளை உசுப்பிவிடும், அதனால வலி.

இவ்வளவும் எதுக்கு? ரத்தத்துல ஓடிட்டு இருக்கிற நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் சரியான இடத்துல இறங்கி, திசுவுக்குள்ள நுழைய வழி வேணும். ஆம்புலன்ஸ் வர ரோட்டை அகலப்படுத்தி, கேட்டைத் திறந்து விடுற வேலை அது. மேக்ரோஃபேஜ் இன்னொரு வேலையும் பண்ணும். சைட்டோகைன்னு சொல்ற மெசேஜ்களை ரத்தத்துல அனுப்பும். அது மூளைக்குப் போய்ச் சேர்ந்தா காய்ச்சல்.

முள் கதையை விஞ்ஞானத்துக்குள்ள கொண்டு வந்தவர் மெட்ச்னிகாஃப். 1882ல இத்தாலியில மெஸ்ஸினா ஊர்ல இருந்தப்போ, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிற நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள்ள ரோஜா முள்ளைக் குத்தி வெச்சார். மறுநாள் காலையில பார்த்தா முள்ளைச் சுத்தி செல்கள் கூடி நின்னுச்சு. அன்னியப் பொருளைத் தேடிப் போய் முழுங்கப் பார்க்கிற செல்கள் உடம்புல இருக்குன்னு அவர் சொன்னது அங்கேருந்துதான். 1908ல பால் எர்லிஹ்கூட சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

சரி, சண்டை ஆரம்பிச்சாச்சு. யாரு நிறுத்துறது?

சர்வர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். டிராஃபிக் ஏறினா ஆட்டோ ஸ்கேலிங் புது மெஷின்களை ஏத்திக்கிட்டே போகும். டிராஃபிக் குறைஞ்சதும் இறக்குற ரூலை ஒழுங்கா வைக்கலைன்னா, மாசக் கடைசியில பில் வந்து நிக்கும். உடம்புலயும் நிறுத்துறது தனி வேலை. நியூட்ரோஃபில் வீசுற ரசாயனங்களுக்குக் கிருமி எது, பக்கத்துல இருக்கிற நம்ம திசு எதுன்னு தெரியாது. அதனால அதோட ஆயுசே குறைவா வெச்சிருக்கு. வேலை முடிஞ்சு செத்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ் தின்னு சுத்தம் பண்ணும், அப்புறம் ரிப்பேர் வேலைக்கு மாறிடும். இன்னொரு பக்கம் சிறுநீரகத்துக்கு மேல உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கும். அது அழற்சிக்குப் பிரேக்.

இப்போ நுரையீரலுக்கு வருவோம். காற்றுப் பைகளோட சுவர் ரொம்ப மெல்லிசு. ஆக்சிஜன் அதைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகணும். கால்ல நீர் கசிஞ்சா வீக்கம். அதே நீர் இங்க கசிஞ்சா மூச்சுத் திணறல். இயக்கம் ஒண்ணுதான், இடம்தான் வேற.

பிரிட்டன்ல ரெக்கவரி சோதனைன்னு ஒண்ணு நடந்துச்சு. 2020 ஜூன்ல அதோட முடிவு வந்தது. ஆஸ்பத்திரியில சேர்ந்த கோவிட் நோயாளிகள்ல 2,104 பேருக்கு டெக்ஸாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். டெக்ஸாமெத்தசோன் விலை குறைஞ்ச பழைய ஸ்டீராய்டு. நம்ம உடம்போட கார்டிசோல் வேலையைப் பல மடங்கு வலுவா செய்யும்.

28 நாள்ல இறந்தவங்க கணக்கைப் பாருங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மருந்து இல்லாம 41.4 சதவீதம், மருந்தோட 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்கள்ல 26.2, அது 23.3 ஆச்சு. ஆக்சிஜனே தேவைப்படாதவங்கள்ல? மருந்து இல்லாம 14.0, மருந்தோட 17.8. இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாவும் இருக்கலாம்னு புள்ளியியல் சொல்லுது. ஆனா பலன் இருந்ததுக்கு எந்த அடையாளமும் இல்ல, கெடுதலுக்கு வாய்ப்பு இருந்துச்சு.

அதே நோய், அதே மாத்திரை, அதே அளவு. ஆளோட நிலைமை மட்டும் வேற. வைரஸ் இன்னும் பெருகிட்டு இருக்கிற ஆரம்ப நாட்கள்ல சண்டை வேணும், அப்போ பிரேக் போட்டா வைரஸுக்குத்தான் லாபம். சண்டையே நுரையீரலை அழிக்கிற கட்டத்துல பிரேக் உயிரைக் காப்பாத்தும்.

இதோட மறுபக்கத்தை நாம 2021ல இந்தியாவுல பார்த்தோம். ரெண்டாவது அலையில கருப்புப் பூஞ்சைன்னு பேப்பர்ல தினமும் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? மியூகோர்மைகோசிஸ். அந்த வருஷம் மே மாசம் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயா அறிவிச்சது. ஜூலைக்குள்ள நாடு முழுக்க 45,000க்கும் மேல கேஸ்கள். பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்துச்சு.

அந்தப் பூஞ்சை புதுசு இல்ல. அதோட வித்துகள் மண்ணுலயும் காத்துலயும் எப்பவும் இருக்கு. நாம தினமும் மூச்சுல இழுத்துக்கிட்டுதான் இருக்கோம், நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் சத்தம் இல்லாம முடிச்சு விட்டுரும். ஸ்டீராய்டு அந்த ரெண்டு பேர் கையையும் கட்டிப் போடும், கூடவே ரத்தச் சர்க்கரையையும் ஏத்தும். பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்துச்சு. பலர் ஸ்டீராய்டு எடுத்திருந்தாங்க. தேவை இல்லாதப்பவும், அளவு மீறியும், ரொம்ப நாளும் அது ஓடினதுதான் அன்னிக்கு டாக்டர்கள் சுட்டிக்காட்டின பெரிய பிரச்சனை.

நமக்கு இதுல என்ன இருக்கு? நிறைய இருக்கு. பழைய சீட்டைக் காட்டி, இல்ல வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்ல ஸ்டீராய்டு வாங்கிப் போடுறது இன்னும் நடக்குது. முகம் வெளுக்கும்னு கடையில தர்ற சில க்ரீம்கள்லயும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் சில வாரம் பளபளப்பா தெரியும், அப்புறம் தோல் மெலிஞ்சு, பரு வெடிக்கும்.

இன்னொரு பக்கம், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைப் பயந்துபோய் நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க. வெளியேருந்து வந்துட்டு இருந்ததால உங்க அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கலாம். அதை மெதுவாத்தான் எழுப்பணும். அதனாலதான் டோஸைப் படிப்படியா குறைப்பாங்க.

அப்போ நிஜமான பூஸ்டர்னு எதுவும் இல்லையா? இருக்கு, தடுப்பூசி. ஊசி போட்ட கை வலிக்கிறதும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கிறதும் அழற்சிதான். சின்ன அளவுல, ஒரு குறிப்பிட்ட கிருமிக்காக நடக்கிற பயிற்சி அது. பயிற்சி முடிஞ்சதும் நெருப்பு அணைஞ்சுரும், நினைவு மட்டும் தங்கும். பாக்கெட்ல அச்சடிச்ச பூஸ்ட் இந்த மாதிரி எந்தப் பயிற்சியும் தர்றதில்ல.

அடுத்த தடவை உங்க கையில ஒரு மருந்துச் சீட்டு வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது ஸ்டீராய்டா? எத்தனை நாள்? எப்படி நிறுத்தணும்? வீட்டுல சர்க்கரை இருக்கிறவங்களுக்கு எழுதியிருந்தா, நாலாவதா ஒண்ணு: சர்க்கரையை எத்தனை தடவை டெஸ்ட் பண்ணணும்? டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். இந்த எபிசோடை அந்த மாத்திரையை எப்பவும் கைவசம் வெச்சிருக்கிற மாமாவுக்கும் அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.