நகச்சொத்தைக்கு 84 மாத்திரை

(நமது டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் குழு சார்பில், அஸர் தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கால் நகத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் இருதய ஆபரேஷன் இருக்கும், டயாலிசிஸ் இருக்கும், பிரசவச் செலவு இருக்கும். நகத்துக்காக யாரும் மனு கொடுத்ததில்லை. ஆனால் வேறு காரியமாக வந்து பாயில் உட்காரும்போது, கால் விரலை உடைக்குள் இழுத்து மறைத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறோம். மெதுவாக விசாரித்தால், "அது கிடக்கட்டுங்க, இதுக்குப் போய் காசு செலவு பண்ண முடியுமா?" என்று பதில் வருகிறது. முடியும் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்வதைத்தான் நம் ஊரில் நகச்சொத்தை என்கிறோம். நகச்சுத்தி வேறு, அது நகக்கண் வீங்கிச் சீழ் பிடிப்பது, வலி உயிரை வாங்கும். நகச்சொத்தை பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பத்து வருடம் ஆனாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் பூஞ்சைக் கிருமி. படர்தாமரையையும் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் உண்டாக்கும் அதே கூட்டம்தான் நகத்துக்கும் ஏறுகிறது. மறைமலை நகர், மகிந்திரா சிட்டி கம்பெனிகளில் எட்டு மணி நேரம் பூட்ஸ் போட்டு நிற்கிற பிள்ளைகள், கடற்கரைச் சாலை ஓட்டல்களில் ஈரத் தரையில் பாத்திரம் கழுவுகிறவர்கள், வீட்டில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற பெண்கள் ஆகியோருக்கு இது எளிதாக வரும்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இது பெரும்பாலும் சங்கடத்தோடு நின்றுவிடும். சர்க்கரை உள்ளவருக்கு அப்படியில்லை. கால் மரத்துப்போயிருக்கும். தடித்த நகம் பக்கத்து விரலைக் கீறினாலும் தெரியாது. விரலிடுக்கு வெடிப்பின் வழியே வேறு கிருமிகள் புகுந்தால், ஆறாத புண்ணாகி, விரலை எடுக்க வேண்டிய நிலைவரை போகலாம். ஆகவே சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு நகச்சொத்தை என்றால் அதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா, வருகிறவரிடம் காலையும் ஒரு தடவை காட்டுங்கள்.

இனி காசு விஷயம். பலர் முதலில் கேட்பது, "இதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா?" என்று. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்கிற அந்தத் திட்டம், பட்டியலில் உள்ள ஆபரேஷன்களுக்கும் பெரிய சிகிச்சைகளுக்கும் உரியது. வெளிநோயாளியாகப் போய் மூன்று மாதம் விழுங்குகிற மாத்திரைக்கு அது வராது. தனியார் இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்கும் பொதுவாக அதே கதைதான். எனவே அட்டை இல்லையே என்று யாரும் இந்த விஷயத்தில் ஏங்க வேண்டாம்.

இ.எஸ்.ஐ. மட்டும் வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால், வெளிநோயாளி மருந்தும் அதில் உண்டு. உங்கள் மனைவி மக்களுக்கும், உங்களைச் சார்ந்து இருக்கிற பெற்றோருக்கும் உண்டு. காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற பிள்ளைகள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் காசு கட்டிவிட்டு, மருந்தைக் கடையில் சொந்தக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

இ.எஸ்.ஐ.யும் இல்லாதவர்களுக்கு முதல் வழி அரசு மருத்துவமனை. செங்கல்பட்டில் நமக்கு ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி 1965-ல் தொடங்கியது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டு, தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். கோவளத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ போகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும், அது உண்மை. அப்படியிருந்தும் போகச் சொல்வதற்குக் காரணம் பரிசோதனை. பார்வைக்குச் சொத்தையாகத் தெரிகிற நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி பழைய அடி, இறுக்கமான செருப்பு, சொரியாசிஸ் போன்றவை. நகத்தைச் சுரண்டி, ஒரு மருந்துநீர் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற சின்னப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். அது பார்க்காமல் மூன்று மாத மருந்து வாங்கினால் பாதிப்பேருக்குக் காசு வீண். சகோதரிகளுக்கு ஒன்று: நகத்தில் மருதாணி இருந்தால் டாக்டருக்கு நிறம் தெரியாது. அது வளர்ந்து போன பிறகு போங்கள்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். அதாவது 84 மாத்திரை. சிலருக்கு இட்ராகோனசோல்: மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காலையும் மாலையும், இப்படி மூன்று மாதம். சிலருக்கு வாரம் ஒருமுறை ஃப்ளுகோனசோல். எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருதயம் பலவீனமானவருக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சிலவற்றோடும் அது ஒத்துப்போகாது. வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை எழுதினால் தட்டிக் கழிக்காதீர்கள்.

மருத்துவமனையில் மாத்திரை இருந்தால் இலவசம். வெளியில் வாங்க நேர்ந்தால், பிராண்ட் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரையே எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தச் சீட்டோடு மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுவிட்டு, பிறகு மற்ற மெடிக்கலில் கேளுங்கள். ஒரு மாத்திரைக்கு 10 ரூபாய் வித்தியாசம் என்றாலும் 84 மாத்திரைக்கு 840 ரூபாய். 2022-ல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் டெர்பினாஃபினும் இட்ராகோனசோலும் புதிதாகச் சேர்ந்தன. இவை பணக்கார மருந்துகள் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. அமெரிக்காவில்கூட 2007-ல் டெர்பினாஃபின் காப்புரிமை முடிந்தபின் மாத்திரை மலிந்துவிட்டது. நகத்தில் விடுகிற புதுச் சொட்டு மருந்துதான் அங்கே இன்றும் சிறு குப்பி நூற்றுக்கணக்கான டாலர்.

அப்படியென்றால் நம் காசு எங்கே போகிறது? கிரீமில் போகிறது. தடித்த நகத்துக்குள் சாதாரண கிரீம் இறங்காது. அதைவிட மோசம், கடையில் சொல்லி வாங்குகிற கலவைக் கிரீம்கள். டியூபில் குளோபெட்டசால், பெட்டமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும். இருபது, முப்பது டியூப் வாங்கியவர்களைக் கேட்டால் 84 மாத்திரையின் விலையை எப்போதோ தாண்டியிருப்பார்கள். அடுத்த விரயம், பாதியில் நிறுத்துவது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம். முழு நகமும் மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மாத்திரை முடிகிற நாளிலும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். அடியில் புதிதாக முளைக்கிற கீற்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

நம் அமல்கள் தொடர்பாகச் சகோதரிகள் கேட்ட கேள்விகளும் உண்டு. ஐந்து வேளை வுளூ செய்வதால் இது வருகிறதா? இல்லை. கால் விரலிடுக்கைக் கோதிக் கழுவுவது சுத்தமே. கழுவியபின் ஈரத்தோடு ஷூவுக்குள் காலை விடுவதுதான் வம்பு. ஒரு சின்னத் துண்டு தனியாக வைத்துத் துடையுங்கள். ஹவுள் பக்கம் கிடக்கிற பொதுச் செருப்பை விட்டுச் சொந்தச் செருப்பைப் போடுங்கள். நகத்தில் பூசும் மருந்துப் பாலிஷ் படலமாக நிற்பதால் வுளூ கூடுமா என்ற கேள்விக்கு மருந்துச் சீட்டைக் காட்டி ஹஜ்ரத்திடம் சட்டம் கேளுங்கள். நாங்கள் பதில் சொல்லும் இடம் அது அல்ல. ரமலானில் தினம் ஒரு மாத்திரையை இஃப்தாருக்குப் பின் போடலாம். இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட வேண்டியது, ஆகவே இஃப்தார் உணவுக்குப் பின்னும் சஹர் உணவுக்குப் பின்னும் என்று டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மருந்து வாங்க முடியாத குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து இந்த மருந்தையும் மருத்துவ உதவியில் சேர்த்திருக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியுள்ளவருக்கு அதிலிருந்து, மற்றவருக்கு சதகா நிதியிலிருந்து. முதல் மாதம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டோம். ஒருவருக்கு 12 வார மருந்தின் தொகையையும் ஒதுக்கி வைத்த பிறகுதான் முதல் மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்போம். ஒதுக்க முடியாவிட்டால் அதையும் அன்றே சொல்லிவிடுவோம். செங்கல்பட்டு போய்வரும் பஸ் காசும் இதில் சேரும்.

மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு, ரேஷன் அட்டை நகல் மூன்றும் கொண்டு வாருங்கள். பெண்களின் விண்ணப்பத்தைப் பெண் உறுப்பினர்களே வாங்கிக்கொள்வார்கள். காலைக் காட்டத் தேவையில்லை, சீட்டு போதும்.

வஸ்ஸலாம்.