ஒரு கறவை மாட்டுக் கடன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



"இலக்கியத்தில் மனித பலவீனங்கள்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. கேட்டதும் சிரிப்புதான் வந்துச்சு. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. இலக்கியம்னா எனக்குத் தெரிஞ்சது எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிக்கிறதும், ராத்திரியில நடக்கிற கூத்தும்தான். ஆனா பலவீனம்னா என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் பேச ஒத்துக்கிட்டேன்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். 12 வருஷத்துக்கு முன்னாடி என் பையனை ஐ.டி.ஐ.யில சேர்க்க குழுவுல 10,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். அப்போ எங்க குழுவுல மூத்த ஒரு அக்கா எழுந்து, "முந்தின கடன்லயே இன்னும் மூணு தவணை நிக்குது. அதைக் கட்டிட்டுக் கேக்கட்டும்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. குழுவோட விதி அதுதான். ஆனா எனக்கு அது செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. காதுல கிடந்த தோட்டை அடகு வெச்சு ஃபீஸ் கட்டினேன். அன்னைக்கு இருந்து அந்த அக்காகிட்ட முகம் கொடுத்துப் பேசல.

ரெண்டு வருஷம் கழிச்சு நான் ஊக்குநர் ஆனேன். அதே அக்கா கறவை மாடு வாங்கக் கடன் கேட்டாங்க. சேமிப்பு ஒரு வாரம் தவறினது இல்ல, பழைய கடன் பாக்கி ஒரு ரூபாய் இல்ல. கொடுத்திருக்கணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்"னு சொன்னேன். அடுத்த கூட்டத்துல "மாட்டுக்கு விலை எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னு சொன்னேன். அதுக்கும் அடுத்த கூட்டத்துல "இந்த மாசம் வேற ரெண்டு பேருக்கு அவசரம்"னு சொன்னேன். எல்லாமே விதி மாதிரிதான் இருந்துச்சு. தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்தா என் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா என் மனசுக்குத் தெரியும்.

அந்த அக்கா வெளியில வட்டிக்கு வாங்கி மாடு பிடிச்சாங்க. பால் காசு பூரா வட்டிக்கே போச்சு. ஒரு வருஷம்கூட ஆகல, மாட்டை வித்துட்டாங்க. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனப்போ நான் வாசல்ல நின்னு பார்த்தேன். மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அந்த வருஷம் ஆடியில பாரதம் வெச்சாங்க. பிரசங்கியார் துரோணர் கதையைச் சொன்னார். உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்ச கதைதான். துரோணரும் துருபதனும் ஒண்ணா படிச்சவங்க. பிற்பாடு துருபதன் பாஞ்சால தேசத்துக்கு ராஜா ஆயிட்டான். துரோணர் வீட்டுல வறுமை. அவர் பையன் அசுவத்தாமன் பாலுக்கு அழுதான். கூட விளையாடற பசங்க மாவைத் தண்ணியில கரைச்சு பால்னு கொடுக்க, அதைக் குடிச்சிட்டு நானும் பால் குடிச்சேன்னு குழந்தை ஆடிச்சாம். அதைப் பார்த்த தகப்பன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! பழைய சினேகிதனை நம்பிப் போனார். துருபதன் சபையில வெச்சு, ராஜாவுக்கும் பரதேசிக்கும் என்ன சினேகிதம்னு கேட்டு அனுப்பிட்டான்.

துரோணர் மறக்கல. பாண்டவங்களுக்கும் கௌரவங்களுக்கும் வில்வித்தை சொல்லிக் கொடுத்து, தட்சிணையா துருபதனைப் பிடிச்சுக்கிட்டு வரச் சொன்னார். அர்ஜுனன் கட்டி இழுத்துக்கிட்டு வந்தான். பாதி ராஜ்யத்தை துரோணர் எடுத்துக்கிட்டு, "இப்போ நீயும் நானும் சமம்"னு சொல்லி அனுப்பினார். துருபதன் மறந்தானா? துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேணும்னு யாகம் பண்ணான். அந்த நெருப்புல பிறந்தவன் திருஷ்டத்யும்னன். கூடப் பிறந்தவதான் நாம கும்பிடற திரௌபதி. குருட்சேத்திரத்துல 15-ஆம் நாள் திருஷ்டத்யும்னன் துரோணர் தலையை எடுத்தான். சண்டை முடிஞ்ச ராத்திரி அசுவத்தாமன் பாசறைக்குள்ள புகுந்து அவனையும், தூங்கிக்கிட்டு இருந்த திரௌபதி பிள்ளைங்க அஞ்சு பேரையும் கொன்னான். பாலுக்கு அழுத அதே குழந்தைதான், அக்கா!

நான் கூட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் எதுல ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சேன். உதவின்னு வந்தவரைச் சபையில அவமானப்படுத்தினதுல. நான் கடன் கேட்டு அவமானப்பட்டப்போ துரோணர் மாதிரி. ஊக்குநர் நாற்காலியில உட்கார்ந்தப்போ துருபதன் மாதிரி. ஒரே ஆள் ரெண்டு வேஷமும் கட்டியிருக்கேன்.

கோபம் வேற, கறுவிக்கிட்டு இருக்கிறது வேற. கோபம் வந்தா கத்துவோம், அடுத்த நாள் தண்ணிக் குழாய்கிட்ட பேசிடுவோம். கறுவறது அப்படி இல்ல. வாய் பேசாது. நேரம் பார்த்துக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நேரம் வரும்போது நியாயம் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வெளியில வரும். திருவள்ளுவர் பொறுமைக்குன்னு ஒரு அதிகாரம் வெச்சு, அதுக்கு அடுத்ததாவே பொறாமைப்படாம இருக்கிறதுக்கு ஒரு அதிகாரம் வெச்சார். கோபத்துக்குத் தனியா இன்னொண்ணு. அந்தக் காலத்துலயே மனுஷங்க இப்படித்தான் இருந்திருக்காங்க.

இன்னொரு விஷயம். என் பொண்ணு கம்பராமாயணம் படிச்சுட்டுச் சொன்னா. மந்தரைக்கு ராமன் மேல என்ன கோபம்? சின்ன வயசுல விளையாட்டா ராமன் வில்லால அடிச்ச மண் உருண்டை அவ கூன் முதுகுல பட்டுது. அவ்வளவுதான். ஆனா கைகேயிக்கு ராமன் மேல ஒரு வருத்தமும் கிடையாது. பட்டாபிஷேகம்னு கேட்டதும் சந்தோஷப்பட்டு மாலையைக் கழட்டிக் கொடுத்தவ அவ. மந்தரை தன் மனசுல இருந்த விஷத்தை அவ காதுல ஊத்தினா. நம்ம குழுக்களும் இப்படித்தான் உடையுது. ஒருத்தரோட மனத்தாங்கல் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு நடந்து போற வழியில அஞ்சு பேரோட மனத்தாங்கல் ஆயிடுது.

பாரதம் கேட்ட பிறகும் அந்த அக்கா வீட்டுக்குப் போக எனக்கு எட்டு மாசம் ஆச்சு. போய், "வேணும்னுதான் இழுத்தடிச்சேன் அக்கா"ன்னு சொன்னேன். அவங்க சாணி தட்டிக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பார்க்காமலே, "எனக்குத் தெரியும்டி"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு நான் சொன்னது சரிதான். ஆனா உன்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். நாலு தடவை உன் வீட்டுக்குக் கெளம்பி வந்து, பாதி வழியில திரும்பிட்டேன்"ன்னாங்க.

அந்த நாலு தடவையில ஒரு தடவை அவங்க வந்திருந்தா? இல்ல, நான் போயிருந்தா? ஒரு மாடு மிஞ்சியிருக்கும். மன்னிப்புக் கேட்டதால வித்த மாடு திரும்பி வரல. அடுத்த மாசம் அவங்களுக்குக் கடன் கொடுத்தோம். ஆனா அவங்க ஒரு வருஷம் வெளியில கட்டின வட்டியை யார் கொடுப்பாங்க? அது என் கணக்குல நிக்குது.

அதுக்கப்புறம் எங்க குழுவுல சில வழக்கம் வெச்சோம். யாருக்காவது கடன் இல்லைன்னு சொன்னா, காரணத்தையும் எப்போ கொடுப்போம்ங்கிறதையும் தீர்மான நோட்டுல எழுதி, படிச்சுக் காட்டணும். தவணை பாக்கி இருந்தா கூட்டத்துக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். சபையில சொல்லக் கூடாது. "இல்லை"ன்னு கேட்டுட்டுப் போனவங்க வீட்டுக்கு அந்த வாரத்துக்குள்ள ரெண்டு பேர் போய் உட்கார்ந்து பேசணும். முக்கியமானது இது: யாருக்கு யார்கிட்ட மனத்தாங்கல் இருக்கோ, அவங்க கடனைப் பத்திப் பேசறப்போ இவங்க ஒதுங்கிக்கணும். நான் ரெண்டு தடவை ஒதுங்கியிருக்கேன். வெக்கமாதான் இருந்துச்சு. ஆனா நிம்மதியா தூங்கினேன்.

நாம யாரும் தெய்வம் இல்ல. மனத்தாங்கல் வரத்தான் செய்யும். வந்ததை அடுத்த கூட்டத்துக்குள்ள வாய்விட்டுச் சொல்லிடுங்க. முடியலைன்னா, கையெழுத்துப் போடற அதிகாரத்தையாவது அந்த ஒரு நாள் வேற கையில கொடுங்க.

இதை மேடையில சொல்லலாமான்னு அந்த அக்காகிட்டயே கேட்டுட்டுத்தான் வந்தேன். "என் பேரைச் சொல்லாதே, மாட்டைச் சொல்லு"ன்னாங்க. சொல்லிட்டேன்.